அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு

புருஷனைக் கெயார் ஹோமில் விட்டால் அந்தச் செலவுக்குக் கவுன்சில் வீட்டை எடுத்துப்போடுமாம். லண்டன் செவன் கிங்ஸ் மரக்கறிக் கடையில் யாரோ சொன்னதென்று பக்கத்து வீட்டு ஜெஸ்ரின் வந்து சொன்னாள். யாருடைய வீடு போனது என்று கேட்டதற்கு, "அது தெரியாதக்கா, பார்க்கிங் ஊரில ஆரோ ஆக்களின்ர" என்றாள்.

குட்மேய்ஸில் இருந்த சந்திரவதனாவை அந்தக் கதை மாரிகாலம் முழுக்கப் பயமுறுத்தியது. அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு மறதி நோய். முன்பு அவளோடு ஜெர்மனியிலும் பிறகு பார்க்கிங் ஊரிலும் கடை நடத்தியவர். கடையை விற்று எவ்வளவோ காலமாகியும், விடியமுன் எழும்பி அதைத் திறக்கப் போகவேண்டுமென்று வாசல் கதவை உலுப்புவார். மறித்தால் தள்ளுவார். போன கிழமை தள்ளியதில் அவள் முழங்கை சுவரில் அடிபட்டுக் கன்றிப் போயிருந்தது.

கடைசியில் மகள் கோசிகாதான் கவுன்சிலுக்குப் போன் அடித்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் அதில குடியிருக்கும் வரைக்கும் வீட்டைக் கணக்கில எடுக்கமாட்டினம். ஆனா அப்பாவை வீட்டில வச்சுப் பாக்க ஏலாது எண்டு அவைக்கு விளங்கவேணும். அப்பதான் ஹோமுக்குக் காசு குடுப்பினம். ஏஞ்சலா எண்டு ஒரு சோஷல் வேர்க்கர் வந்து பாப்பா."

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் சந்திரவதனாவின் கை சும்மா இருக்கவில்லை. கூட்டித் துடைத்தாள். ரோல்ஸ் பொரித்தாள். கணவரைக் குளிக்க வார்த்து, முகம் வழித்து, அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டுப் போட்டுப் பொத்தான் பூட்டி, திருநீறு பூசி இருத்தினாள். தன் முழங்கையைக் கார்டிகன் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவரோ கடை முதலாளி மாதிரியே எழும்பி ஏஞ்சலாவை வரவேற்றார். காரை விட இடம் கிடைத்ததா என்று இங்கிலீஷில் விசாரித்தார். ஏஞ்சலா கேட்டவற்றுக்கெல்லாம், அவர் பக்கத்தில் இருக்க, சந்திரவதனாவுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: சமாளிக்கிறேன். எப்போதாவது உங்களை அடித்தாரா? "நோ, நோ. வெரி குட் மேன்."

பின்னேரம் நடந்ததைக் கேட்டுக் கோசிகா தலையில் கை வைத்தாள்.

"பொம்பிளை பாக்கப் போற மாதிரி அப்பாவைச் சோடிச்சு இருத்தியிருக்கிறீங்கள். மாப்பிளை நல்லா எடுபட்டிட்டார். இனி ஆர் ஹோம் தரப்போகினம்?"

சந்திரவதனாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"அந்த மனுசனுக்கு முன்னாலை அவரைக் குறைச்சுச் சொல்லலாமோ பிள்ளை?"

"குறையில்லை அம்மா, அது ஒரு வருத்தம், நோய். நான் சொல்லிச் சரிவராது. கூட இருக்கிறது நீங்கள். ஏஞ்சலாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."

அன்று அவர் அந்தச் சேட்டைக் கழற்ற விடவில்லை. அதோடேயே படுத்தார். விடிந்ததும் அதோடேயே கதவடிக்குப் போனார். மறித்த சந்திரவதனாவைப் பார்த்து, நீ யார், என் கடையில் உனக்கென்ன வேலை என்று ஜெர்மன் மொழியில் கத்தினார். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

தேத்தண்ணி கொடுத்து அவரை இருத்த ஒன்பது மணியானது. அவள் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கார்டிகன் கையை மேலே சுருட்டினாள். ஏஞ்சலா கொடுத்த நம்பரை அழுத்தினாள். ஹீ புஷ்ட் மீ. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தரம் சொன்னாள்.

"சந்திரா, ஆரோடை கதைக்கப் போறீர்?" வெள்ளைச் சேட்டில் தேத்தண்ணி சிந்தியபடி அவர் குசினி வாசலில் நின்றார். இப்போது அவளைத் தெரிந்திருந்தது.

"கவுன்சிலோடை."

"கடை விஷயமோ?"

"இல்லையப்பா. உங்கட விஷயம்."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். அவள் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.