நீல வயரை மாட்டின பிறகு

தம்பி போன தடவை லீவுக்கு வந்தப்போ, கூடத்துல டிவிக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டியை வெச்சுட்டுப் போனான். சீட்டுக்கட்டு அளவுதான், ஆனா முழுக் கம்ப்யூட்டர். ஒரே ஒரு போர்டு, அதுமேல தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு ஃபேன். "அப்பாவுக்குப் பழைய பாட்டு போடறதுக்குங்க்கா"ன்னான். முன்னால கறுப்பா ஒரு கண்ணு இருந்துச்சு. அது என்னடான்னு கேட்டேன். "கேமராங்க்கா. அடுத்த தடவை வாரப்போ வாசலுக்கு மாட்டிக்கலாம். இப்ப வேலை செய்யாது." வெளிநாட்டுல இதே பொழப்பா இருக்கறவன் சொல்றான், நம்பாம என்ன பண்றது?

பெட்டி வந்த நாள்ல இருந்து அந்த ஃபேன் ஓயவே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குக் கட்டில் கூடத்துலதான். பொறுத்துப் பார்த்தார், முடியலை. "அந்தச் சனியனை என்னன்னு பாரு கண்ணு, தலைக்குள்ள கிரைண்டர் ஓடுது"ன்னார். பாவம்னு கட்டிலை உள்ரூமுக்கு மாத்திப்போட்டேன்.

நானும் லேசுல விடற ஆள் இல்லை. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராம போத்தனூருக்கே திரும்பி வந்ததிலிருந்து, ஒரு பம்பு கம்பெனிக்கு ஊட்டுல உட்கார்ந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறவ. மூடியைக் கழட்டினேன். ஃபேனுக்கு மூணு வயர். சிவப்பும் கறுப்பும் மாட்டியிருக்குது, நீலம் அம்போன்னு தொங்குது. தம்பியைப் போன்ல கூப்பிட்டேன். "அதுதாங்க்கா வேகத்தைச் சொல்ற வயர். அவசரத்துல விட்டுப்போட்டேன், அதான் எப்பவும் முழு வேகத்துல சுத்துது"ன்னான். எந்தப் பின்னுல மாட்டோணும்னு சொல்லி, புரோகிராமையும் அவனே அனுப்பினான். போர்டு சூடு ஐம்பது டிகிரிக்குக் கீழ இருந்தா ஃபேன் நின்னுக்கோணும். அறுபதுல பாதி வேகம். எழுபதைத் தொட்டா முழு வேகம்.

ஓட விட்டேன். ஃபேன் தயங்கித் தயங்கி நின்னுச்சு. ஊடு பூரா அமைதியாயிருச்சு, எனக்குத் தலைகால் புரியலை. "அக்கா, நீங்க இன்ஜினியர் ஆயிட்டீங்க!"ன்னு சிரிச்சான். அப்பாதான் திரும்பிக் கூடத்துக்கு வர மாட்டேனுட்டார். உள்ரூம் சன்னல் காத்து அவருக்குப் பிடிச்சுப்போச்சு. அதையும் தம்பிகிட்டச் சொன்னேன்.

அதுக்கப்புறம் பாட்டு மணிக்கணக்கா ஓடினாலும் ஃபேன் அசையாது. ஆனா மத்தியானம், அப்பாவுக்குச் சோறு ஊட்டிப் படுக்க வெச்சுட்டு நான் கூடத்துல வந்து உட்கார்ந்தா, மெதுவா ஆரம்பிக்கும். பாதி வேகம், அப்புறம் முழு வேகம். வெளிய ஆடிக் காத்து குளிரக் குளிர அடிக்குது, இதுக்கு மட்டும் என்ன காய்ச்சல்?

பக்கத்து ஊட்டு முஸ்லிம் அக்கா அந்நேரத்துக்குத்தான் வருவாங்க. எங்க ஊட்டுல ஆம்பளை நடமாட்டம் இல்லைங்கறதால, கூடத்துக்கு வந்ததும் முக்காட்டை எடுத்துப்போட்டு, காலை நீட்டி உட்காருவாங்க. என் மாமியார் ஊட்டுக் கதையெல்லாம் அவங்ககிட்டத்தான் கொட்டுவேன், அழுவேன். ஒருநாள் அப்படிப் பேசிட்டிருக்கறப்போ ஃபேன் விர்ருன்னு ஏறுச்சு. என் கைவேலைதான் தப்போன்னு லேப்டாப்பைத் திறந்து, பெட்டிக்குள்ள என்னென்ன ஓடுதுன்னு பார்த்தேன். முதல் வரியே கேமராதான், பெட்டி சூடேறுனது அதனால. வெளியிலிருந்து ஒரு ஆள் பார்த்துட்டிருக்கறதாக் காட்டுச்சு. அதோட பாஸ்வேர்டு தெரிஞ்சது நானும் தம்பியும்தான்.

லேப்டாப்பைப் பட்டுன்னு மூடினேன். "முக்காட்டைப் போட்டுக்கங்கக்கா"ன்னேன். ஏன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லுவேன்? என் கூடப்பொறந்தவன் பாக்கறான்னா?

அவங்க போனதும் தம்பியைக் கூப்பிட்டேன். "ஏன்டா, கேமரா வேலை செய்யாதுன்னியே?"

"அப்பாவைப் பாக்கோணும் போல இருந்துச்சுங்க்கா. அவ்வளவுதான்."

"அப்பா உள்ரூமுக்குப் போயிட்டார்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க்கா."

"அப்புறம் கூடத்துல யாரைடா பாத்தே?"

தாராபுரத்துச் சித்தி சொன்னாங்களாம். அக்கா எந்நேரமும் அரட்டை அடிச்சுட்டிருக்கறா, அப்பனைக் கவனிக்கறதே இல்லைன்னு. "எதுக்கும் ஒரு பார்வை பார்த்துக்கலாம்னுதான்... தப்பா நினைச்சுக்காதீங்க்கா."

எப்படி மரியாதை பாருங்க, பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடறான்! இவன் கல்யாணத்துல இணைச்சீருக்கு இவன் பக்கத்துல உட்கார்ந்தவ நான். பொண்டாட்டி வந்தாலும் கூடப்பொறந்தவளைக் கைவிட மாட்டேன்னு ஊரறியச் சொல்ற சீர் அது. அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? வேவு பாக்க நான் என்ன கூலிக்கு வந்தவளா? இதையெல்லாம் அவன்கிட்டக் கேக்கோணும்னு இருந்துச்சு. "வைடா போனை"ன்னு மட்டும் சொன்னேன். பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரு கண்ணு போன்ல?" உள்ளிருந்து அப்பா.

கண்ணைத் துடைச்சுட்டு உள்ள போனேன். "தம்பிங்கப்பா."

"என்னவாம்?"

வாரத்துக்கொருக்கா அவன் போன் வந்தா, அன்னைக்குப் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படற மனுசன். நல்லா இருக்கற கையை ஊனி, எந்திரிச்சு உட்காரப் பார்த்தார். முதுகுக்குத் தலகாணியை வெச்சுட்டுச் சொன்னேன்.

"உங்களைப் பாக்கோணும் போல இருக்குதாமுங்கப்பா."