மிசியே லெயோன் சொன்ன கயிற்றுக் கதை

ஞாயிற்றுக்கிழமை பகல் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் வேலை செய்யும் செல்லம்மா முத்தியால்பேட்டையில் என் வீடு வரைக்கும் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள். "சின்னம்மா, ஐயா போயிட்டாரு! விருந்தாளிங்களோட சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தாரு, அப்படியே தட்டு மேல சாஞ்சிட்டாரு" என்றாள். என் அக்கா செசிலின் கணவர் மிசியே லெயோன் அருளப்பன் அவர்கள் காலமான செய்தி எனக்கு வந்தது இப்படித்தான்.

மாமாவைப் பற்றி நல்லதாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய நண்பர்கள் கேட்டார்கள். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா உள்ளதை எழுது" என்றாள்.

மாமாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சில் 'ஐயா' என்பதுதான் அந்த 'மிசியே'. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் பிரம்பு இல்லாமல் அவர் தெருவில் இறங்கியதில்லை. பேசுவது பிரெஞ்சில், திட்டுவது தமிழில். தாய்மொழிக்கு அவர் செய்த ஒரே மரியாதை அதுதான். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பியானோ, கட்டில், நாய் எல்லாம் விலைக்கு வந்தன. மாமா ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

கடலில் காற்று கூடினால் முழுதாக விரித்த பாய் படகைக் கவிழ்த்துவிடும். பாயைக் கொஞ்சம் இறக்கி, இறங்கிய பகுதியைச் சுருட்டி, அடிக்கழியோடு இறுக்கிக் கட்டிச் சிறிதாக்க வேண்டும். அதற்கான கயிறுகளைக் கரையிலேயே பாயின் ஓரத் துளைகளில் கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். மணலில் மண்டியிட்டு அக்கா கோப்பாள். தார் பூசிய தடித்த கயிறுகள். முடிச்சுப் போட்டு, காலை உதைத்து, உடம்பின் கனமெல்லாம் சேர்த்து இழுத்துப் பார்ப்பாள். எங்கள் தம்பி விக்தோர் பக்கத்தில் நின்று, "அக்கா, இதுல யானையைக் கட்டலாம்க்கா" என்று சிரிப்பான். மாமா சிரிக்க மாட்டார். "உன் கையெல்லாம் தார் நாத்தம். இந்தக் கையால எனக்குப் பரிமாறாத" என்பார். அன்றைக்குச் செல்லம்மாதான் பரிமாறுவாள்.

அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளான ஜூலை பதினாலு அன்று, ஊரில் மிச்சமிருந்த ஒரு பிரெஞ்சுத் துரையையும் அவர் மனைவியையும் மாமா படகில் அழைத்துப் போனார். வேலை செய்ய விக்தோர் கூடப் போனான். பிற்பகலில் காற்று ஏறியது. விக்தோர் பாயைச் சுருக்கிக் கட்டியிருக்கிறான். கயிறு அறுந்து, பாய் முழுசாக விரிந்து, படகு கவிழ்ந்தது. குருசுக்குப்பத்து மீனவர்கள் கட்டுமரத்தில் போய், கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக் கிடந்த மூன்று பேரையும் கொண்டுவந்தார்கள். விக்தோர் பாய்க்கு அடியில் சிக்கிக்கொண்டான். அவனை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

கரையில் நின்ற என் அம்மாவிடம், சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "உங்க பொண்ணு கட்டின கயிறு அறுந்துபோச்சு."

மறுநாள் கல்லறையில், ஊர் முன்னால், "தம்பியை முழுங்கினவளே" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அக்கா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. அக்கா எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை.

அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளைப் பலரும் அறிவார்கள். யாராவது புதிதாக வந்தால், சோறு போட்டபடியே அக்கா ஆரம்பிப்பாள். "எந்தம்பி எப்படிச் செத்தான்னு இவங்களுக்குத் தெரியாதுங்க. சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்." மாமா சொல்வார். செசிலின் முடிச்சு, செசிலின் அவசரம், செசிலின் கவனக்குறைவு. அக்கா எதிரே உட்கார்ந்து கடைசிவரை கேட்பாள். இடையில் எதையாவது விட்டுவிட்டால், "முடிச்சைப் பத்திச் சொல்லலியே" என்று எடுத்துக் கொடுப்பாள். தன் குற்றத்தைத் தானே கேட்டுத் தண்டனை அனுபவிக்கும் புண்ணியவதி என்று விருந்தாளிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாமா தட்டைப் பார்த்தபடியே பேசுவார். துக்கம் என்று நினைத்தேன். வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போனார். கஞ்சி போட்ட கால்சட்டை மட்டும் இளைக்கவில்லை.

இந்த வருஷம், பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா, எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. மாமா பிரான்சுக்குப் போய்விடலாம் என்றார். "போலாமே. அங்கயும் ஞாயித்துக்கெழம வரும்ல?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னாள்.

"விக்தோரைப் பொதைச்ச மறுநாள் மீன்காரங்க பாயைக் கொண்டாந்து கொல்லையில போட்டாங்க. பிரிச்சுப் பாத்தேன். நான் கோத்த கயித்துல ஒண்ணுகூட இல்லடி. எல்லாம் வெள்ளைக் கயிறு. ஜன்னல் திரைக்குப் போடுற கயிறு. தொரை பொண்டாட்டி கண்ணுக்கு அழகா இருக்கணும்னு நான் கட்டினதையெல்லாம் உருவிப்புட்டு மாத்தியிருக்காரு."

"மாமாகிட்டக் கேட்டியா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? பாயைக் கழுவிக் காயவச்சு, அந்த வெள்ளைக் கயிறோடவே அவரு சட்டை வைக்கிற பீரோவுல மடிச்சு வச்சேன். காலையில தொறந்து பாத்தாரு. வாயே தொறக்கல. நானும் தொறக்கல. அந்த ஞாயித்துக்கெழமதான் மொதமொதல்ல சொல்லச் சொன்னேன்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. உன்னைச் சபிச்சுக்கிட்டே செத்தாங்களே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா அம்மா கால்ல விழுந்து அழுதிருப்பாரு. மாப்பிள்ளையாச்சேன்னு அம்மாவும் மன்னிச்சிருப்பாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். அவ்வளவு சுலபமா அவர விட என்னால முடியலடி."

கடைசி நாளன்று காரைக்காலிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்களாம். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாளாம். மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் செசில்" என்றாராம். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கெஞ்சியது அன்றுதான். "அவங்க கேட்டதில்லையே, சொல்லுங்க" என்றாளாம் இவள். பாதி சொல்லும்போதே சாய்ந்திருக்கிறார்.

மாமாவின் அடக்கத்தில் கண் கலங்காத அக்கா, இதைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். "இனிமே ஞாயித்துக்கெழம நா யாரைச் சொல்லச் சொல்றது?" என்று கேட்டாள்.

மாமா, சென்று வாருங்கள். உங்களை மன்னித்துவிடும்படி அக்காவிடம் நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. அங்கே விக்தோரைப் பார்த்தால் மட்டும் தயவுசெய்து அந்தக் கதையை ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கயிறு தன் கையில் அறுந்தது என்று அவனுக்குத் தெரியும்.