ஒரு டம்ளர் தண்ணீரும் இருபது நாட்டு விதிகளும்

ரோட்டர்டாமில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. துருக்கி அல்வா, போர்ச்சுகல் ஒயின், வியட்நாம் காப்பித்தூள், யாரோ அனுப்பிய வெண்கல யானை எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் கம்பெனிக்குத் துணி நெய்து தருகிறவர்கள் ஆசையாக அனுப்பிய பொருள்கள். அவற்றை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. திருப்பி அனுப்பினாலும் அனுப்பியவர் மனம் நோகும். அதனால் டிசம்பரில் எல்லார் பெயரையும் எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடைத்தால் அது லஞ்சம் ஆகாதாம். போன டிசம்பரில் எனக்கு யானை விழுந்தது. டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். யார் கொடுத்தது என்று மனைவி கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை என்றேன். கம்பெனிக் கணக்குப்படி அது சரியான பதில்தான். ஆனால் யாரும் கொடுக்காத ஒரு பொருளைக் கூடத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

நீங்களும் வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் உங்கள் வேலையை ஊரில் விளக்கிச் சொல்லும் பாடு உங்களுக்குத் தெரியும். என் வேலையை நான் விளக்கப் போனால் எனக்கே பாதியில் குழம்பிவிடும். எங்கள் கம்பெனி துண்டும் படுக்கை விரிப்பும் இருபது நாடுகளில் விற்கிறது. நெய்வது வேறு நாடுகளில். விற்கிற நாட்டுக்கு ஒரு சட்டம், நெய்கிற நாட்டுக்கு ஒரு சட்டம். எல்லாவற்றையும் கூட்டிப் பிசைந்து ஒரு தடித்த விதிப்புத்தகம் வைத்திருக்கிறார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொது. அதன் பின்னால் நாட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தந்த நாட்டில் மட்டும் என்ன மாற்றம் என்று அதில் இருக்கும். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் நான் வாங்கும் சம்பளத்துக்கு வேலை. ஜப்பான் பக்கத்தில், தறிக்கூடத்தைச் சோதிக்கப் போகும் இடத்தில் கிரீன் டீ கொடுத்தால் குடிக்கலாம், மறுத்தால் அவமதிப்பு என்று இருக்கிறது. துருக்கிப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தேநீருக்கு அனுமதி. இந்தியப் பக்கத்தில் எதுவும் கூடாது. உணவோ பானமோ, அளவு எதுவானாலும். ஏன் இப்படி என்று என் மேலாளர் ஹென்க்கிடம் கேட்டேன். எங்கள் கணக்கில் இந்தியா ஆபத்து கூடிய நாடு என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஊரில் ஒரு சான்றிதழுக்கு நான் எத்தனை பேருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. கோபப்படுவதா, தலையாட்டுவதா என்று தெரியாமல் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

இந்த நிலைமையில்தான் சோதனைப் பட்டியலில் சங்கரன்கோவில் வந்தது. சமையலறைத் துண்டு நெய்ய அங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உரிமையாளர் பெயர் கோமதி. எங்கள் ஊரில் அம்மன் பெயரே கோமதி என்பதால் தெருவுக்கு நாலு கோமதி உண்டு; இவள் என்னோடு பத்தாவது வரை ஒரே வகுப்பில் படித்த கோமதி. தெரிந்தவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது விதி, ஹென்க்கிடம் சொன்னேன். எவ்வளவு பழக்கம் என்று கேட்டார். ஒரே வகுப்பு என்றேன். அவள் வீட்டுக்குப் போனதுண்டா? இல்லை, ஒரு நாளும் இல்லை. அப்படியானால் நெருக்கம் இல்லை, நீ என்னோடு வரலாம் என்றார். ஐந்து வருடம் ஒரே வகுப்பில் படித்தும், இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கும், காரணமும் தெரிந்திருக்கும். எங்கள் தெரு வேறு, அவர்கள் தெரு வேறு.

காலையில் அக்கா வீட்டில் இட்லியும் காப்பியும் முடித்துவிட்டு, திருநெல்வேலி விடுதியிலிருந்து காரில் வந்த ஹென்க்கோடு ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினேன். கோமதியின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். தறிக்கூடம் முழுக்க அவள் பொறுப்பு. இந்த ஆர்டருக்காகப் புதுத்தறி இறக்கியிருந்தாள். அவசர வழிக்கு இன்னொரு கதவு வேண்டும் என்று கம்பெனி எழுதியதால், கூடத்தை ஒட்டியிருந்த தன் வீட்டுப் பூஜை அறைச் சுவரையே இடித்துக் கதவு வைத்திருந்தாள். அந்தக் கதவின் தலையில் மூன்று போர்டுகள் இருந்தன. பச்சையில் ஓடும் மனிதன் படம் ஐரோப்பாவுக்கு. சிவப்பில் ஆங்கில எழுத்து, முன்பு வந்த ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு. தமிழில் ‘அவசர வழி’ நம் ஊர் அதிகாரிக்கு.

“ஒரு கதவுக்கு மூணு நாட்டுக்காரனும் போர்டு கேக்கான் சார்” என்றாள் கோமதி. “தீப்பிடிச்சா எந்த போர்டப் பாத்து ஓடணும்னு வேல பாக்குறவுக கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?”

ஹென்க்குக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். வேலையாட்களிடம் தனியாகப் பேசினார், மின்பெட்டியைத் திறந்து பார்த்தார், கதவைத் தள்ளிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. குறை எதுவும் இல்லை என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெயில் மண்டையைப் பிளந்தது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி தொண்டையில் அப்பியிருந்தது.

கோமதி எங்களை வீட்டுக்குள் அழைத்துவிட்டு ஒரு தட்டோடு வந்தாள். ஹென்க்குக்கு ஒரு பாட்டில் கலர் சோடா, எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். ஹென்க் கையெடுத்துக் கும்பிட்டு, தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அடுத்தது என் முறை. விதி இது, அதனால் முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். வந்த இடத்தில் அப்படி வெட்டிப் பேசக் கூடாதே என்று என் வாய் தானாக ஒரு மரியாதையைத் தேடிக்கொண்டது. “இப்பத்தான் குடிச்சேன் கோமதி” என்றேன்.

அவள் தட்டை இறக்கவில்லை. ஹென்க் காலணி மாட்ட வாசலுக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

“ஒங்க சித்தப்பாவும் இதத்தான் சொல்லுவாரு நாராயணா” என்றாள். ‘சார்’ போய்விட்டது. “நெய்ஞ்ச துணிய வாங்கிட்டுப் போவ வெயில்ல வந்து நிப்பாரு. எங்கம்மா தண்ணி வேணுமான்னு கேப்பா. இப்பத்தான் குடிச்சேம்பாரு. எத்தன வருசம் வந்தாரு. ஒரு நாளாவது தாகமே எடுத்திருக்காதா அவருக்கு?”

“கம்பெனி ரூல் கோமதி. சத்தியமா.”

“இருக்கட்டும். ஒங்க தெருவுலயும் ரூலுதான வச்சிருந்தீங்க.”

ஹென்க்கிடம் ஓடினேன். இந்த வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு வேறு பொருள் வந்துவிடும் என்றேன். தண்ணீர் சுத்தமில்லையா என்று கேட்டார். அதில்லை, எங்கள் ஆட்கள் இவர்கள் வீட்டில் குடிக்காமல் இருந்தார்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. “அப்படியானால் சொல், நாங்கள் யாரிடமும் குடிப்பதில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி மறுக்கிறோம். பாகுபாடே கிடையாது.”

இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன்தான். வேறென்ன செய்ய?

“அவுரு எல்லார் வீட்டுலயும் குடிக்க மாட்டாரு, சரி” என்றாள். “நீ காலைல ஒங்க அக்கா வீட்டுல காப்பி குடிக்கலயோ?”

டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஹென்க் நின்றுகொண்டிருந்தார்.

ஹென்க்கைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலி ரோட்டில் கார் ஏறியதும் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். பிறகு, இதை நான் எழுதியாக வேண்டும் என்றார். வெறும் தண்ணீர் என்றேன். தெரியும், அளவு எதுவானாலும் என்று இந்தியப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே என்றார். எழுதுங்கள் என்றேன் நானும். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வீம்பா நேர்மையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. என்ன ஆகிவிடப் போகிறது, எனக்கு ஒரு எச்சரிக்கை வரும் என்றுதான் நினைத்தேன். எனக்கு எதுவும் வரவில்லை. சோதனை செல்லாது என்று வந்தது. சோதிக்கப் போனவன் உபசாரம் பெற்றுவிட்டான், ஆகவே வேறு ஆளை வைத்து மறுபடி நடத்த வேண்டும். அந்த ஆள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பருவத்து ஆர்டர் போர்ச்சுகலுக்குப் போய்விட்டது.

கோமதியிடம் சொல்லும் வேலை எனக்கே வந்தது. அறிவிப்பை யாரும் அனுப்பலாம்தான். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு, ரோட்டர்டாமிலிருந்து போன் செய்து ஆர்டர் போய்விட்டது என்றேன்.

“கதவா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“போர்டுல எதும் கொறையா?”

“இல்ல கோமதி. எல்லாம் பாஸ். நான் தண்ணி குடிச்சது.”

போனில் அவளுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

“குடிக்காட்டாலும் தப்பு, குடிச்சாலும் தப்பா?” என்றாள். “புதுத்தறிய சும்மா நிறுத்தி வச்சிருக்கேன் நாராயணா. நான் ஒன்னய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

“நீ கேட்டது சரிதான்.”

“சரின்னா எனக்கு ஆர்டரு வந்திருக்கணும்லா?”

இந்தியப் பக்கத்தில் தண்ணீருக்காவது விலக்கு வேண்டும் என்று சட்டப் பிரிவுக்கு எழுதினேன். ஜப்பானுக்கு இருப்பதுபோல இரண்டு வரியில் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வரி! எழுத உட்கார்ந்தால் சித்தப்பா வந்து வெயிலில் நிற்கிறார். விருந்தோம்பல் பண்பாடு என்று எழுதினால் பொய். உள்ளதை எழுதினால் இருபது நாட்டுக்காரர்களும் எங்கள் தெருவைப் படிப்பார்கள். பலமுறை எழுதி அழித்து, கடைசியில் உள்ளதைத்தான் எழுதி அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

மறு சோதனைக்கு நான் போக முடியாது. அந்த வீட்டோடு உனக்கு என்ன உறவு என்று பதிய வேண்டும் என்றார் ஹென்க். உறவு ஒன்றும் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர் என்றேன். அவர் விடவில்லை. வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் குடித்தாயே, அதற்கு நெருங்கிய உறவு என்றுதானே பெயர் என்று அப்படியே பதிந்தார். நெருங்கிய உறவு உள்ளவர்கள் அனுமதி இல்லாமல் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதையும் மரியாதையாக நினைவூட்டினார். அதே வாரம் அக்கா போன் செய்தாள். “நீ அங்கன தண்ணி குடிச்சேன்னு தெருவுல பேசிக்கிடுதாவ. இந்தக் காலத்துல யாரு பாக்கா? ஆனாலும் சித்தப்பா கேட்டாரு. இனிமே அங்கன போக்குவரத்து வச்சிக்கிடாத” என்றாள். நான் குடித்தது ஒரே டம்ளர்தான். இரண்டு ஊரும் சொல்லிவைத்தாற்போல எனக்கு ஒரே தடையைப் போட்டிருந்தன.

நேற்று கோமதி பேசினாள். பாஸ், அடுத்த பருவத்துக்கு ஆர்டர் உறுதி. அழுகை வரும்போல இருந்தது எனக்கு. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“சோதிக்க வந்த பொண்ணுக்கு நாக்கு வறண்டு போச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கல நான். எங்கம்மா இருந்திருந்தா ஏசியிருப்பா.” கையோடு என்னையும் அழைத்தாள். “கோயில் கொடைக்கு ஊருக்கு வருவேல்லா? வீட்டுக்கு வா. அன்னைக்கு நின்ன வாக்குல குடிச்சிட்டுப் போயிட்ட. ஒக்காந்து சாப்புடு.”

ரோட்டர்டாமில் நான் அந்த வீட்டு ஆள், அதனால் போகக் கூடாது. சங்கரன்கோவிலில் நான் அந்த வீட்டு ஆள் இல்லை, அதனால் போகக் கூடாது. வருகிறேன் என்றேன். எந்த ஊரின் அனுமதியோடு என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.