ஞாயிறு வரை தள்ளிப்போன வலி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு மெஷினில் தேய்த்து, விளிம்பை மழுக்கி, ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உள்ளே போகாது. குறைந்தால் கழன்று விழும். பதினெட்டு வருடமாக அதே ஸ்டூல், அதே மெஷின். விரல் நுனிகளில் கண்ணாடி கீறிய தழும்புகள். சர்ச் பிள்ளைகள் அவளை 'லென்ஸ் அத்தை' என்றார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சொந்தப் பெயர் சர்ச் பதிவேட்டோடு நின்றுபோனது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆறு வருடத்துக்கு முன் தம்பி மனைவி தலைவலி என்று படுத்தவள் மூன்றே நாளில் போய்விட்டாள். பெரியவனுக்கு எட்டு வயது, நடுவுள்ளவளுக்கு ஐந்து, கடைக்குட்டிக்குப் பதினொரு மாதம். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்த தம்பிக்குக் குழந்தையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வாடகை அறையைப் பூட்டிவிட்டு வந்தவள், நான்காவது மாதம் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் வீட்டில் நிற்க நேரமில்லை. பெரியவனுக்குப் பரீட்சை முடிந்து பள்ளி மாற வேண்டும். நடுவுள்ளவளுக்குப் பல்லில் கம்பி போட வாரம் ஒரு தடவை அலைச்சல். குட்டிக்கு ஷூ, செருப்பு இரண்டும் ஒரே வாரத்தில் சின்னதாகிவிட்டன. இதற்கு நடுவில் சர்ச் கேம்ப். பத்து நாள், மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தில். எட்டு வயது நிரம்பியவர்களுக்குத்தான் இடம். சின்னப் பெண்கள் அறைக்கு அத்தையே பொறுப்பு என்பதால், ஏழு வயதுக் குட்டியையும் சேர்த்துக்கொள்ள பாஸ்டர் சம்மதித்திருந்தார்.

கேம்புக்கு நான்கு நாள் முன்பு, சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளின் துணிகளைக் குவித்து ஒவ்வொன்றிலும் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தான், தண்ணீர் குடித்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அதுல புதுசா ஒண்ணும் முளைச்சிருக்காது. என்ன விஷயம், சொல்லு" என்றாள்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

ஊசி துணியிலேயே நின்றது. அவன் ஃபிரிட்ஜைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். முப்பத்தாறு வயது. ஒரு வருடப் பழக்கம். கேம்ப் முடிந்து அடுத்த சனிக்கிழமை கல்யாணம், பாஸ்டரிடம் பேசியாகிவிட்டது.

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"பெரியவனுக்கு மட்டும் சொல்லியிருக்கேன். மூணு வாரமாச்சு."

"ஓ. அப்ப எனக்குத்தான் கடைசியா."

"நீ எப்படி எடுத்துப்பியோன்னு தயக்கமா இருந்துச்சு."

"நல்ல விஷயம்தானேடா. இதுல எடுத்துக்க என்ன இருக்கு?"

சிரித்துத்தான் சொன்னாள். அவனுக்கு உயிர் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "உன்னை யாரும் போகச் சொல்லலை, அக்கா. நீ இங்கதான் இருக்கணும். ரூம் மட்டும்தான் கொஞ்சம் இடிக்குது. அவங்க அம்மாவும் கூட வர்றாங்க, அவங்களைத் தனியா விட முடியாது, உன் ரூமை அவங்களுக்குக் கொடுக்கணும். உனக்கு ஹால்ல ஒரு மடக்குக் கட்டில் போட்டுடலாம்."

அந்த அறையில் அவளும் குட்டியும் ஆறு வருடமாகப் படுக்கிறார்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். குட்டியின் சட்டையில் நடுவுள்ளவளின் பெயரைத் தைத்திருந்ததை மறுநாள்தான் கவனித்துப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் கிளம்பியது. சின்னப் பெண்கள் அறையில் பதினான்கு இரும்புக் கட்டில்கள், தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. காலையில் பதினான்கு தலை பின்ன வேண்டும். மாலையில் பதினான்கு ஈரத் துண்டுகளைக் கொடியில் போட வேண்டும். முதலுதவிப் பெட்டியும் அவள் பொறுப்புதான். வேலை இருக்கிறவரை மனசு சும்மா கிடந்தது. பாட்டு நேரத்தில் பின் பெஞ்சில் உட்காரும்போதுதான் மடக்குக் கட்டில் வந்து நிற்கும்.

வியாழக்கிழமை துணி மடிக்கும்போது குட்டி கேட்டாள்: "நாம வீட்டுக்குப் போறப்ப அவங்க அங்க இருப்பாங்களா?"

"எவங்க?"

"புது அம்மா. அண்ணன் சொன்னான்."

"உடனே இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு."

"நீ?"

"நான் எங்க போயிடப் போறேன்?" என்றாள். அதைச் சொல்லும்போது குட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் காகிதம் வெட்டி ஒட்டும் வகுப்பிலிருந்து குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள். சாயங்காலம் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். குட்டிக்கு வயிற்றுவலி புதிதில்லை. பிடிக்காத எதுவும் முதலில் அவள் வயிற்றுக்குத்தான் வரும். கணக்கு டீச்சர் மாறியபோது ஒரு வாரம் வலித்தது. வெந்நீர் கொடுத்து, மடியில் படுக்கப் போட்டால் சரியாகும். அதையே செய்தாள்.

பாஸ்டர் அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். "வீட்டுக்கு ஒரு போன் போட்டுடட்டுமாம்மா? அப்பா வந்து டாக்டர்கிட்ட காட்டிடுவார்ல?"

"வேண்டாம் பாஸ்டர். இது வயித்துவலி இல்ல, ஏக்கம். இவளை எனக்குத் தெரியாதா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆறு வருடம் வளர்த்தவள் சொன்னால் அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

அவள் சொன்னது பொய்யில்லை, அப்படித்தான் நம்பினாள். ஆனால் அந்த நம்பிக்கைக்குள் வேறொன்றும் இருந்தது. போன் போட்டால் தம்பி தனியாக வர மாட்டான். இரண்டு பேருமாக வந்து, குட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருந்தது ஆறு நாள். போதாததற்கு, அந்த வலியில் அவளுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. என்னைப் பிரிய வேண்டுமே என்று பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. அந்த வீட்டில் ஒருத்திக்காவது வலிக்கிறது. குட்டி முனகும்போதெல்லாம் அவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வலி குறைந்துவிட்டது என்றாள் குட்டி. பார்த்தாயா என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியத்துக்கு மேல் உடம்பு சுட்டது. காய்ச்சல் மருந்து கொடுத்தாள். குட்டி விளையாடக் கேட்கவில்லை, பேசவில்லை, காலை மடக்கிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நடுவுள்ளவள் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "அத்தை, இவ ஒரு மாதிரி இருக்கா" என்றாள். "தூங்கட்டும், தொந்தரவு பண்ணாத" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு பெற்றோர் வரும் நாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் வண்டிகள் வர, பிள்ளைகள் பாய்ந்து ஓடினார்கள். தம்பியோடு அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளும் வந்திருந்தாள். ஒல்லியாக, உயரமாக, கையில் பழப்பையோடு. "வணக்கம் அண்ணி" என்றாள். கல்யாணத்துக்கு முன்பே அண்ணி. அது சுருக்கென்றது.

"குட்டி எங்கே?" என்றான் தம்பி.

"படுத்திருக்கா. லேசா காய்ச்சல்."

அறைக்குள் வந்ததும் அந்தப் பெண் பழப்பையைத் தரையில் வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குட்டியின் நெற்றியைத் தொட்டாள், நாக்கைப் பார்த்தாள். வயிற்றின் வலப்பக்கம் மெதுவாக அழுத்திக் கையை எடுத்தாள். குட்டி போட்ட அலறலில் வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"எப்பலேருந்து இப்படி?"

"வெள்ளிக்கிழமை மதியம். ஆனா நேத்து காலைல வலி இல்லைன்னா..."

"ரெண்டு நாளாவா?" அவள் குரலை உயர்த்தவில்லை. தம்பியைப் பார்த்து, "வண்டியை எடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

அவன் பிள்ளையைப் போர்வையோடு வாரித் தூக்கினான். அத்தை செருப்புக்கூடப் போடாமல் வண்டி வரை ஓடி, பின்கதவைத் திறந்தாள். உள்ளே அந்தப் பெண் ஏற்கெனவே குட்டியின் தலையை மடியில் ஏந்தியிருந்தாள்.

"நீ இங்கயே இரு. மத்த ரெண்டு பேரையும் பாத்துக்க" என்றான் தம்பி. கதவு சாத்திக்கொண்டது.

குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஞாயிறு மாலையே அறுவை சிகிச்சை என்று பாஸ்டரின் போனுக்குச் செய்தி வந்தது. 'அக்கா வர வேண்டாம், இங்கே இடமில்லை' என்றும் அதில் இருந்தது. திங்கட்கிழமை அவள் பதின்மூன்று தலை பின்னினாள். மனப்பாட வசனப் போட்டிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். சாயங்கால நாடகத்தில் குட்டிக்கு ஆட்டுக்குட்டி வேஷம். வேறொரு பெண் அதைப் போட்டுக்கொண்டாள். பஞ்சு ஒட்டிய அந்தத் தொப்பி அவளுக்குப் பெரிதாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவன் மட்டும் எழுந்து வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமை, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று செய்தி வந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அறையைச் சமையல்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, காய்கறி வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே போக ஒருவருக்குத்தான் அட்டை. தம்பி மூன்று நாள் சவரம் செய்யாத முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"நீ கூடவே இருந்தியே, அக்கா. நீ இருக்கேன்னுதானே நான் நிம்மதியா இருந்தேன்."

அவள் வழி நெடுக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வலி குறைந்ததைச் சொல்லலாம். காய்ச்சல் பிறகுதான் வந்தது என்று சொல்லலாம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"வெள்ளிக்கிழமையே பாஸ்டர் போன் போடறேன்னார். நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபப்படுவான், கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் மாடிப்படி பக்கம் நடந்து போனான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கதவருகே அந்தப் பெண் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள், அது நாலடி தூரம்தான். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி நீட்டினாள். "உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க, அண்ணி. முழிச்சிருக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல திரும்ப ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

குட்டியின் மூக்கில் ஒரு குழாய், வயிற்றிலிருந்து ஒரு குழாய். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல, அத்தை" என்றாள்.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா கண்ணு, சொன்னே" என்றாள்.

குட்டி பிழைத்தாள். இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக, குனிந்தபடி நடந்தாள். கல்யாணம் ஒன்றரை மாதம் தள்ளிப்போய், ஐம்பது பேரோடு எளிமையாக நடந்தது. தம்பி அந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டரும் வாய் திறக்கவில்லை. அதனால் சர்ச்சில் எல்லோருக்கும் அவள் பழைய லென்ஸ் அத்தையாகவே இருந்தாள். கல்யாண ஆராதனையின் முடிவில் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர் எழுந்து, தாயில்லாத மூன்று பிள்ளைகளைத் தாயாக நின்று வளர்த்த சகோதரி ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும் என்றார். அவள் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தொட்டுத் தள்ள, எழுந்து நின்றாள். கைதட்டல் முடியவே இல்லை. முன்வரிசையில் தம்பி பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மடக்குக் கட்டிலில் அவள் ஒருநாளும் படுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரமே கடைக்கு இரண்டு தெரு தள்ளி, பெண்கள் விடுதியில் ஒரு படுக்கை பிடித்துவிட்டாள். மூன்று பேர் இருக்கும் அறை. பெட்டியைப் பெரியவன்தான் மாடி வரை சுமந்து வந்தான். மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தவன், "அப்பா சொன்ன அன்னிக்கே நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் அத்தை" என்றான்.

"சொல்லியிருந்தா மட்டும்? அப்பவும் நான் இதே ஆள்தானேடா" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரச் சொன்னாள்.

குட்டியை மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை சித்தி கூட்டி வருவாள். வாசலில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து அழைத்துப் போவாள். முதலில் சித்தி என்றுதான் குட்டி சொன்னாள். மழைக்காலம் வருவதற்குள் அது அம்மா ஆகிவிட்டது. அம்மா அப்படிச் சொன்னாங்க, அம்மா இதை வாங்கித் தந்தாங்க. அத்தை தலையாட்டிக் கேட்பாள். சில சமயம் குட்டி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது, அத்தையின் கை தன்னை அறியாமலே சற்றுத் தளரும்.

விடுதி அறையில் புதிதாக வந்த தபால் நிலைய எழுத்தர் ஒருநாள் தலை வாரிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"தம்பிக்கு மூணு" என்றாள் அத்தை. பிறகு, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் துவைக்க வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.