ஒட்டகம் மட்டும் தப்பித்தது

ஸ்டாம்பு கடை வேலையில் பாதி, பழைய கவர்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரிப்பது; மீதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. கவுண்டரில் நின்று சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. வரலாறு முடித்த கையோடு திண்டுக்கல்லில் அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன்.

ராஜஸ்தான்காரர்

கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வெள்ளைக்காரன் காலத்து சூடான் ஸ்டாம்பு ஒன்று வைத்திருந்தோம். தபால் பையோடு ஒருவன் பாலைவனத்தில் ஒட்டகத்தை விரட்டிக்கொண்டு போவான். செம்பட்டியிலிருந்து வரும் வாத்தியார் ஒருவர் அது ராஜஸ்தான் என்றார். சூடான் என்று இங்கிலீஷில் அச்சடித்திருப்பதை விரலால் காட்டினேன். அவர் ஸ்டாம்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தார்.

"ஒட்டகம்னா ராஜஸ்தான்தாம்மா. அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்."

பார்க்கக் கொடுத்தது

சின்னாளபட்டியில் தறி நெய்கிற ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், அந்த ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு மறுவாரம் ஒரு கவர் கொண்டுவந்தார். அதே ஸ்டாம்பு. அவருடைய அப்பா சூடானுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர். எந்த ஊரில் இருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

"முத்திரையில ஊரு பேரு இருக்கும்ல தாயி, பார்த்துச் சொல்லு" என்றார். முத்திரை மங்கலாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வதாகவும் நாளைக்கு வரும்படியும் முதலாளி சொன்னார்.

அந்த அம்மா படியிறங்கியதும் முதலாளி கவரை ஊறப்போடும் பேசினில் போட்டார். கவரோடு இருந்தால்தான் ஸ்டாம்புக்கு மதிப்பு. தவிர, அது எங்கள் பொருளே இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். பேனா மை நீலமாகக் கரைந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி மேல் உள்ள கோபம் அம்புட்டும் என் மேலும் இருக்கிறது, இன்றைக்கும். அவர் ஸ்டாம்பை உரித்து நியூஸ் பேப்பரில் காயவைத்தார்.

"ஆல்பத்துல கவரையா ஒட்டுவாங்க? ஒட்டகம் சேதாரமில்லாம வந்திருக்கு பாரு."

மறுநாள்

அந்த அம்மா தெருவில் வருவதைப் பார்த்ததும் முதலாளிக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது. "தானா உரிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. நாங்கள்தான் தண்ணீரில் போட்டோம், நான் தடுக்காமல் நின்றேன் என்றேன். லென்ஸில் பார்த்தபோது முத்திரையில் கார்ட்டூம் என்று ஊர்ப் பெயர் தெரிந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெளுத்துப்போன கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஊரு கிடக்கட்டும் தாயி. எங்கப்பா கைப்பட எங்கம்மா பேரு எழுதியிருந்துச்சே, அது எங்க?"

பாலைவனமும் கடலும் தாண்டி, நனையாமல் சின்னாளபட்டி வந்து சேர்ந்த பெயர், எங்கள் கடைப் பேசினைத் தாண்டவில்லை.