பூஜைக்குக் கழற்றிய கிளாம்ப்

தசரா விடுமுறை முடிந்து காலையில் செக்‌ஷனுக்குள் நுழைந்தபோது எங்கள் இன்ஜினியர் வசுமதி மேடம் மீட்டரைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். எங்கள் புது பேட்டரி செல்லின் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறியிருந்தது. மறுநாள் ரிவ்யூ. அந்த ஒரு செல் வேலை செய்வதைக் காட்டாவிட்டால் செக்‌ஷனை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் உங்கள் அப்பா நான் மைசூரில் ஒரு பேட்டரி கம்பெனியில் அசிஸ்டென்ட். சாதாரண பேட்டரிக்குள் திரவம் இருக்கும். அது உள்ளே இருக்கும் எலக்ட்ரோடு தகட்டின் மேடுபள்ளமெல்லாம் நனைத்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் லித்தியம் செல்லில் திரவமே கிடையாது. அதற்குப் பதில் ஒரு பொடியை பிரஸ்ஸில் அழுத்தி பிஸ்கட் மாதிரி ஒரு வில்லை செய்வோம். அதன் இரண்டு பக்கமும் எலக்ட்ரோடு. வில்லைக்குள் கரண்ட் நன்றாகவே ஓடும். எலக்ட்ரோடும் வில்லையும் தொடுகிற இடத்தில்தான் தகராறு. அங்கே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட் தடைப்படும். அதைக் குறைக்க எத்தனை வில்லைகள் செய்து எறிந்திருப்போம்! தசராவுக்கு முன்புதான் ஒன்றே ஒன்று தேறியது. அதை சீல் செய்து, கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்திருந்தோம்.

அந்த கிளாம்ப் இப்போது பளபளவென்று, குங்குமப் பொட்டோடு, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமான்களையும் துடைத்து எண்ணெய் போடுவது ஃபிட்டர் முருகேசண்ணன் வேலை. தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர். திரவம் ஊற்றும் பழைய பேட்டரி செக்‌ஷனில் பல வருஷம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர்.

"கிளாம்ப்பத்தானுங்க மேடம் கழட்டுனேன். சாமிக்கு வெக்காம உடலாமுங்களா? பேட்டரி மேல கையே வெக்கலீங்க," என்றார்.

மேடம் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அழுத்தம் போச்சு முருகேசண்ணா. உள்ளே ஒட்டிண்டிருந்தது விட்டுடுத்து."

மறுபடி கிளாம்ப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ரெசிஸ்டன்ஸ் பாதிதான் இறங்கியது. அதற்கு மேல் இறுக்கினால் வில்லை விரிசல் விடும் என்று மேடம் நிறுத்திவிட்டார்.

மத்தியானம் கன்னடக்காரரான செக்‌ஷன் ஹெட் வந்தார். "அய்யோ, இதுக்கு ஏன் மேடம் தலைமேல கை? போன வாரத்து கிராஃப் இருக்கல்லா? அதையே காட்டிடலாம். யாரு வந்து மீட்டர எட்டிப் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே சார்," என்றார் மேடம்.

ஹெட் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். முருகேசண்ணன் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் ரிவ்யூவில் மேடம் இரண்டு கிராஃபையும் வைத்தார். கழற்றும் முன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. வந்திருந்த பெரிய அதிகாரி எங்களைப் பார்த்து, "கிளாம்ப்பை எடுத்தது யார்?" என்று கேட்டார். முருகேசண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள் மேடம் சொன்னார்:

"இறுக்கி வைங்கோன்னு சொன்னேன் சார். எதுக்குன்னு நான் யாருக்கும் சொல்லலை. அது என் தப்பு."

அதிகாரி தலையாட்டினார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "கிளாம்ப் எடுத்தா செத்துப்போற பேட்டரியை யாருக்கும்மா விக்கிறது?" என்றார். அடுத்த மாதமே செக்‌ஷனை மூடிவிட்டார்கள். மேடம் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். முருகேசண்ணனும் நானும் பேக்கிங்குக்குப் போனோம். அட்டைப்பெட்டி, டேப், அவ்வளவுதான்.

அந்த கிளாம்ப்பை நான் எத்தனையோ தடவை இறுக்கியிருக்கிறேன். எதற்கு என்று அப்போது எனக்கும் தெரியாது. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. அப்பா ஒரு வேலை சொன்னால் காரணத்தையும் சேர்த்து நீட்டி முழக்குகிறார் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியில் யாராவது காரணம் சொல்லாமல் வேலை சொன்னால், முறைத்தாலும் பரவாயில்லை, எதற்கென்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.