முப்பத்தாறு லிட்டர் பெட்டி

ஸ்பீக்கர் பெட்டிக்குக் கணக்குப் போடும் அந்த மென்பொருளை எழுதியவர் மனிதரோடு பேசிப் பழகாதவர் என்பது என் முடிவு. திறந்தால் வெறும் காலிக் கட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள். உதவி என்ற பொத்தானை அழுத்தினால், உரிய மதிப்பை உரிய கட்டத்தில் இடவும் என்கிறது. அந்த ஞானத்துக்கு ஒரு பொத்தான் வேறு.

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக் கூடத்தின் பழைய ஸ்பீக்கர் தீபாவளியோடு கிழிந்து போயிருந்தது. பொங்கல் விழாவுக்கு என் மனைவியின் கோலாட்டக் குழு ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தது. வாடகை செட் எதற்கு, நானே செய்து தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். "அச்சா, அப்ப செட் வேண்டாம்னு சொல்லிடறேன் சார்" என்று செயலாளர் அங்கேயே போனில் முடித்துவிட்டார். என் பெட்டி பாடாவிட்டால் பன்னிரண்டு பெண்கள் ஊமைக் கோலாட்டம் ஆட வேண்டும்.

இணையத்தில் இதற்கென்றே ஒரு மன்றம் உண்டு. அங்கே கேட்டேன். முதலில் அடிப்படையைப் படியுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் தன் வீட்டுப் பெட்டியின் புகைப்படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தார். கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லும் பண்டிதர்கள்.

பெட்டிக்குள் பொருத்தப் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரோடு வந்த அட்டையில் அதே எழுத்துகளும் எண்களும் இருந்ததால் தப்பித்தேன். பார்த்துப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினேன். மிச்சம் கொள்ளளவு. பெட்டி மேடையோரத்து மாடத்தில் அடங்க வேண்டும். டேப் பிடித்தேன்: நாற்பது, முப்பது, முப்பது சென்டிமீட்டர். பெருக்கினால் முப்பத்தாறு லிட்டர். திரையில் ஒலியின் அளவைக் காட்டும் கோடு எழுந்து மேசைப் பலகைபோல் சமமாக நின்றது. முன்பக்கத் துளைக்குள் வைக்கும் குழாயின் நீளத்தையும் சொல்லிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு. சத்தம் எப்ப வரும்?"

திரிலோக்புரித் தச்சர் என் தாளை வாங்கிப் பார்த்து, "பாவூஜி, அந்தர் கா நாப் யா பாஹர் கா?" என்றார். உள் அளவா, வெளி அளவா. மாடத்தில் அடங்க வேண்டுமே, வெளி அளவுதான் என்றேன். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்றும் சேர்த்துக்கொண்டேன். பலகையின் கனத்தைக் கம்ப்யூட்டர் கேட்டதா என்றார். ரம்பம் பிடிக்கிறவர் எனக்கு ஒலி சொல்லித் தருகிறாரா என்று பட்டது. "ஜல்தி பனாவோ", சீக்கிரம் செய் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கலன்று காலை மாடத்தில் பெட்டியை ஏற்றிப் பாட்டைப் போட்டேன். மிருதங்கம், தவில், பாடகியின் கீழ்க்குரல் எல்லாம் ஒரே 'தொம்'. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெண்களுக்குத் தாளம் பிடிபடவில்லை. கோல்கள் ஆளுக்கொரு நேரத்தில் அடித்தன.

"மேல் வீட்ல கதவை இடிக்கிறாங்களா மாமி?" என்றாள் குழுவில் சின்னவள்.

"இல்லடி, மாமா கணக்குப் போட்டிருக்கார்" என்றாள் என் மனைவி. துளைக்கு எதிரே கையை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் காற்று குப்பென்று வந்தது. தோளிலிருந்த கம்பளிச் சால்வையைச் சுருட்டி அந்தத் துளைக்குள் திணித்தாள். இடி அடங்கியது. பாட்டு ஒல்லியாக, ஆனால் பாட்டாகக் கேட்டது. சாயங்காலம் கோலாட்டம் நடந்தது.

மறுநாள் கணக்கைத் திரும்பப் போட்டேன். பலகையின் கனம் பதினெட்டு மில்லிமீட்டர். ஆறு பக்கமும் கழித்தால் உள்ளே இருபத்தைந்து லிட்டர்தான். அதைக் கட்டத்தில் இட்டதும் சமமான கோட்டில் ஒட்டக முதுகுபோல் ஒரு மேடு எழுந்தது. அதுதான் நேற்றைய தொம். கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் 'உள் கொள்ளளவு' என்று முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அவ்வளவு பொடி எழுத்தா என்று அப்போதும் அதன்மேல்தான் எரிச்சல் வந்தது. தச்சர் வாய்விட்டே கேட்டார், அது மட்டும் காதில் விழுந்ததா என்ன.

சால்வை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எடுத்தால் இடிக்கும். இந்த ஜனவரிக் குளிரில் மனைவி என்னுடையதைப் போர்த்திக்கொண்டு போகிறாள், நான் திருப்பிக் கேட்கவில்லை.